ஆத்தாவுக்கு முட்டி ஆபரேஷன், முழு மயக்கம் கூடாதாம். ஹிப்னாடிசம் கைகொடுக்குமா?

கண்டனூர்க்காரி

எங்க ஆத்தாவுக்கு 71 வயசு. வலது முட்டி தேய்ந்துபோய், முகப்பிலிருந்து வளவுக்கு (வீட்டின் நடு முற்றத்துக்கு) இறங்குகிற ஒரே ஒரு படிக்கே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்ற நாள் குறித்தாச்சு, இன்னும் 16 நாள் இருக்கிறது. நுரையீரல் பலவீனம் என்பதால் முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்யலாம், தூக்க மருந்தும் கொஞ்சமாகத்தான் தருவோம் என்று மயக்க மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றைக்குப் போனது தூக்கம். "முழிச்சுக்கிட்டு இருக்கையிலேயே எலும்ப அறுப்பாகளாடி?" என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்கிறார்கள்.

வெளிநாட்டில் ஹிப்னாடிசம் செய்தே ஆபரேஷன் பண்ணுகிறார்கள் என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா? நம் பக்கம் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கேலி பண்ணுகிறவர்கள் அடுத்த இழைக்குப் போங்கள்.

சந்தேகச் சாமி

கேலி இல்லை ஆச்சி, கவலையில் சொல்கிறேன். பொருட்காட்சி மேடையில் வெங்காயத்தைக் கொடுத்து ஆப்பிள் என்று கடிக்க வைப்பார்களே, அந்த வித்தைதானே இது? அதை நம்பி ஆத்தாவைப் படுக்க வைக்காதீர்கள். பணம் பறிக்க வருகிறவன் முதலில் வயசானவர்கள் இருக்கிற வீட்டுக் கதவைத்தான் தட்டுவான்.

ஊசிமருந்து

நான் மயக்க மருத்துவர், சொந்த ஊர் காரைக்குடி, இப்போது இருப்பது திருச்சியில். மேடை வித்தையையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதே நேரம் இதை மந்திரமாகவும் நினைக்க வேண்டாம்.

இன்று உலகத்தில் ஒழுங்காக நடப்பது 'ஹிப்னாடிசம் மட்டும்' இல்லை. வெட்டுகிற இடத்தில் மரப்பு ஊசி இருக்கும், தேவைப்பட்டால் நரம்பு வழியே கொஞ்சம் மருந்து போகும், இவற்றோடுதான் ஹிப்னாடிசமும். பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மரி எலிசபெத் ஃபேமொன்வில் என்ற மயக்க மருத்துவர் 1992-இல் இதை ஆரம்பித்தார். தைராய்டு ஆபரேஷன் முதல் பல ஆபரேஷன்களை ஆயிரக்கணக்கான பேருக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள். நடுவில் ஆள் அசௌகரியப்பட்டால் முழு மயக்கத்துக்குப் போக எல்லாம் தயாராகப் பக்கத்திலேயே இருக்கும்.

உங்கள் ஆத்தாவுக்கு வலியைத் தடுக்கப்போவது முதுகு ஊசி. ஊசி பிடித்தால் கத்தி தெரியாது. ஆனால் பயத்தையும், குளிரையும், சத்தத்தையும், ஒன்றரை இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கிற தவிப்பையும் அந்த ஊசி ஒன்றும் செய்யாது. அதற்குத்தான் இது உதவும்.

பள்ளத்தூர் அப்பத்தா

இங்கே எனக்குத்தான் வயசு அதிகம், அதனால் நானும் சொல்கிறேன். கண்ணில் புரை எடுக்கையில் நானும் முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். ஹிப்னாடிசம் எல்லாம் இல்லை, கந்தர் சஷ்டி கவசத்தை மூன்று தடவை மனசுக்குள் சொன்னேன். மூன்றாவது தடவை முடிகிறதுக்குள்ளே கட்டுப் போட்டு எழுப்பிவிட்டார்கள். உன் ஆத்தாவுக்கு என்ன கவசம் தெரியும் என்று கேளும்மா முதலில்.

ஊசிமருந்து

அப்பத்தா, நீங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். மனசை ஒரே இடத்தில் ஊன்றி நிறுத்துவது. வித்தியாசம் என்னவென்றால், இதில் இன்னொருவர் குரல் கூடவே வந்து, அறையில் நடக்கிறதை எல்லாம் அந்த நினைப்புக்குள்ளேயே இழுத்துப் போட்டுக்கொண்டே போகும்.

சந்தேகச் சாமி

சரி டாக்டர், ஆதாரம்? 'ஆயிரக்கணக்கான பேர்' என்பதை நாட்டு வைத்தியரும்தான் சொல்கிறார்.

ஊசிமருந்து

நியாயமான கேள்வி. ஞாபகத்திலிருந்து சொல்கிறேன்.

2000-இல் லான்செட் இதழில் எல்விரா லாங் குழு போட்ட ஆய்வு. ரத்தக்குழாய், சிறுநீரகத்தில் தோல் வழியே குழாய் விட்டுச் செய்கிற சிகிச்சைகள், ஆள் விழித்திருக்கையில். மொத்தம் 241 பேர், மூன்று குழு. வழக்கம்போலக் கவனித்த குழுவுக்குச் சராசரியாக 78 நிமிஷம் ஆனது, சுய ஹிப்னாடிசக் குழுவுக்கு 61. மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. வழக்கமான கவனிப்பில் நேரம் போகப்போக வலி ஏறிக்கொண்டே போனது, ஹிப்னாடிசக் குழுவில் ஏறவில்லை.

2007-இல் நியூயார்க் மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியில் கை மாண்ட்கோமெரி. மார்பு ஆபரேஷனுக்கு வந்த 200 பெண்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் 15 நிமிஷம் ஹிப்னாடிசம், மீதிப் பேரிடம் அதே நேரம் அக்கறையாகப் பேச்சு மட்டும். முதல் குழுவுக்கு மயக்க மருந்து குறைவாகப் போதுமாக இருந்தது, வலி, குமட்டல், அசதி எல்லாம் குறைந்தன, ஆளுக்குச் சுமார் 770 டாலர் மிச்சம் என்றும் கணக்குப் போட்டார்கள்.

இன்னொன்று 2020-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது, ஜெர்மனியில் ஐந்து ஆஸ்பத்திரிகள், 385 பேர். இது எனக்கே நம்ப முடியாமல் இருந்தது. எல்லாரும் முழு மயக்கத்தில். பாதிப் பேர் காதில் இசையும் தைரியம் சொல்கிற பேச்சும் ஓடிய இயர்போன், மீதிப் பேருக்கு ஒன்றும் ஓடாத வெறும் இயர்போன். யாருக்கு எது என்று டாக்டர்களுக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு முதல் நாள் தேவைப்பட்ட, மார்ஃபின் மாதிரியான பலமான வலி மருந்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

சந்தேகச் சாமி

இதில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்றை நான் போடுகிறேன். 2018-இல் பிரான்சில் சுமார் 150 பெண்களுக்கு, அதே மார்பு ஆபரேஷன், அதே 15 நிமிஷ ஹிப்னாடிசம். ஆபரேஷனுக்குப் பிந்தின மார்பு வலியில் வித்தியாசம் இல்லை என்று முடிந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டாம் டாக்டர்.

ஊசிமருந்து

ஒத்துக்கொள்கிறேன், அது நல்ல ஆய்வு. அந்தப் பெண்களுக்கும் முழு மயக்கம்தான், சின்ன ஆபரேஷன், வலியே பெரிதாக இல்லாதபோது குறைக்க என்ன இருக்கிறது என்று ஒரு விளக்கம் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் விரும்பவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. நூறு பேரில் பத்துப் பதினைந்து பேர் சட்டென்று ஆழ்ந்து போவார்கள், அதே அளவு பேருக்குத் தலைகீழாக நின்றாலும் பிடிக்காது, மீதிப் பேர் நடுவில்.

பழைய தகரப்பெட்டி

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன், பழைய புத்தகம் கண்ணில் பட்டால் விடமாட்டேன். நீங்கள் பெல்ஜியம், நியூயார்க் என்று போகிறீர்கள், இது முதலில் பெரிய அளவில் நடந்ததே நம் நாட்டில்தான்.

1845 ஏப்ரலில் வங்காளத்தில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காரர், விரை வீக்கத்தில் தவித்த ஒரு கைதியிடம் தொடங்கினார். அப்போது இதற்குப் பெயர் மெஸ்மரிசம். உடம்பைத் தொடாமல் கையை மேலிருந்து கீழே நீவுவது, மணிக்கணக்காக. முதலில் அவரே நீவினார், அப்புறம் அந்த வேலையை அவரிடம் இருந்த உள்ளூர் உதவியாளர்களிடம் விட்டுவிட்டார். அசந்தபின் இவர் வந்து கத்தி வைப்பார். யானைக்கால் நோயில் விரை மூட்டை மாதிரி வீங்கினவர்கள் எல்லாம் அவரிடம் வந்தார்கள், நூற்றுக்கணக்கில் ஆபரேஷன். 1846-இல் கல்கத்தாவில் இதற்கென்றே சோதனை ஆஸ்பத்திரி கொடுத்தார்கள்.

விதியைப் பாருங்கள், அதே 1846 அக்டோபரில் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் என்ற மயக்க மருந்தை முகரவைத்துக் காட்டிவிட்டார். அடுத்த வருஷம் குளோரோஃபார்ம். இரண்டு மணி நேரம் நீவுகிற இடத்தில் நாலு மூச்சில் வேலை முடிகிறது என்றால் யார் நீவுவார்கள்? லண்டனில் ஈதரை வைத்து ஆபரேஷன் செய்த லிஸ்டன், இது மெஸ்மரிசத்தை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது என்று அங்கேயே நக்கல் அடித்தாராம்.

சந்தேகச் சாமி

அண்ணே, அந்தக் கைதி 'எனக்கு வலிக்குது துரை' என்று சொல்லியிருப்பானா? வெள்ளைக்கார டாக்டர், ஜெயில் ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பான்.

பழைய தகரப்பெட்டி

அந்தக் கேள்வியை அப்போதே கேட்டார்கள் தம்பி. அரசாங்கம் போட்ட குழு பார்க்கையிலேயே சிலர் நெளிந்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள், எழுந்தபின் ஒன்றும் தெரியாது என்றார்கள். தெரியாததா, சொல்லாததா என்பது அவர்களோடு போய்விட்டது.

ஆத்தங்குடிக் கல்லு

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன், இதே முதுகு ஊசிதான். எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். வலி ஒரு பொட்டு இல்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டிவிட்டு, அந்தப் பக்கம் ஒருத்தர் சம்பளம் வரவில்லை என்று புலம்புகிறார், ஒருத்தர் போனில் பிரியாணி சொல்கிறார். திடீரென்று ஒரு குரல், "அய்யய்யோ, இது என்ன இப்படி இருக்கு?" அவ்வளவுதான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, மெஷின் கத்தியது. அப்புறம் பார்த்தால் அவர் சொன்னது ஏதோ கத்தரிக்கோல் மழுங்கியிருந்ததைப் பற்றி. இன்றைக்கும் 'அய்யய்யோ' என்று யாராவது சொன்னால் வயிற்றில் அந்த இடம் இழுக்கிறது.

எங்கள் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றுகிற நேரத்தில் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது, கை அசைந்தால் பூ கலங்கிவிடும். ஒரு கல்லுக்கே அவ்வளவு. மனுஷனை வைத்துக்கொண்டு என்ன பேச்சு?

ஊசிமருந்து

அண்ணே, இதைத்தான் நான் இங்கே முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆபரேஷன் மேஜையில் பயந்து படுத்திருக்கிறவர் ஏற்கெனவே பாதி ஹிப்னாடிசத்தில்தான் இருக்கிறார். காதில் விழுகிற ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்வார். நல்லதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்வார், கெட்டதைச் சொன்னாலும்.

நம் ஊர் நர்ஸ்கள் பாசமாகத்தான் சொல்கிறார்கள், "பயப்படாதீங்க, வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்". இதில் காதில் நிற்பது என்ன? பயம், வலி, எறும்பு. லாங் குழுவே வீடியோ எடுத்துப் பார்த்தது: ஊசிக்கு முன்னால் 'குத்தும், எரியும்' என்று எச்சரித்தால் வலியும் பதற்றமும் கூடின, முடிந்தபின் 'பாவம், வலிச்சுதா' என்று அனுதாபப்பட்டால் வலி கூடவில்லை, ஆனால் பதற்றம் கூடியது. நான் இப்போது "மரத்துப்போகிற மருந்து போடுறேன், அந்த இடம் குளுகுளுன்னு ஆகும், நீங்க மூச்சை மெதுவா விடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பள்ளத்தூர் அப்பத்தா

எறும்புக் கடி பொய் என்று ஊசி போட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும். கட்டெறும்பா சிற்றெறும்பா என்று கேட்டால் ஓடிவிடுவார்கள்.

தேவகோட்டை டு லியேஜ்

பெல்ஜியப் பேச்சு வந்ததால் எட்டிப் பார்க்கிறேன். எட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். என் வீட்டம்மாவுக்கு இங்கே தைராய்டு ஆபரேஷன் இப்படித்தான் நடந்தது, ஆகவே நேரில் கண்டது.

முதலில் மயக்க மருத்துவர் ஒரு நாள் உட்காரவைத்து, உங்களுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்த ஒரு இடம், ஒரு நாள், சொல்லுங்கள் என்று கேட்டார். இவள் குன்றக்குடிக்குச் சின்ன வயசில் காவடியோடு நடந்து போனதைச் சொன்னாள். அவருக்குக் குன்றக்குடி தெரியுமா, காவடி தெரியுமா, ஒன்றும் தெரியாது. ஆனால் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்: மண் சுட்டதா, செருப்பு இருந்ததா, என்ன வாசனை, யார் கையைப் பிடித்திருந்தார்கள். ஆபரேஷன் அன்றைக்கு 'தூங்குங்கள்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அந்தப் பாதையில் இருக்கிறீர்கள், மயில் சத்தம் கேட்கிறது" என்று மெதுவாக, கொஞ்சம் சலிப்பாக, ஒரே சுருதியில். இவளுக்குக் கழுத்தில் ஏதோ இழுக்கிறது என்று தெரிந்ததாம், ஆனால் அது 'வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி' இருந்ததாம். முடிந்ததும் எழுந்து காப்பி கேட்டாள்.

ஒரே குறை, பிரெஞ்சில் நடந்தது. காவடிச் சிந்தைப் பிரெஞ்சில் கேட்ட மாதிரி இருந்தது என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். தமிழில் செய்தால் இன்னும் ஆழமாகப் போயிருப்பேன் என்கிறாள்.

ஊசிமருந்து

'வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி' என்பது சும்மா சொல்லலங்காரம் இல்லை. 1997-இல் மாண்ட்ரியாலில் ரேன்வில் குழு, ஆட்களின் கையைச் சுமார் 47 டிகிரி சுடுதண்ணீரில் வைக்கச் சொல்லி மூளையைப் படம் எடுத்தது. ஹிப்னாடிசத்தில் 'சூடு அவ்வளவு தொந்தரவாக இல்லை' என்று சொன்னபோது, சூட்டை அளக்கிற பகுதி அப்படியே வேலை செய்தது. தவிப்பைச் சேர்க்கிற, மூளையின் உட்பக்கத்தில் இருக்கிற சிங்குலேட் என்ற பட்டை மட்டும் மாறியது. செய்தி வருகிறது, அலறல் வருவதில்லை.

தமிழில் அறிதுயில் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, திருமயத்தில் குகைக்குள் படுத்திருக்கிற பெருமாளுக்குச் சொல்வது. தூங்குவதும் இல்லை, அறியாமல் கிடப்பதும் இல்லை. ஹிப்னாடிசத்துக்கு அதைவிடச் சரியான பெயர் எந்த மொழியிலும் இல்லை என்பேன்.

கண்டனூர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. ஊசிமருந்து சார், நான் என்ன செய்யட்டும்? அந்த ஆஸ்பத்திரியில் இதெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நானே பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகப் பேசிக்கொண்டிருந்தால் போதாதா?

ஊசிமருந்து

அங்கேதான் ஒரு எச்சரிக்கை. 2008-இல் லாங் குழுவே இன்னொரு ஆய்வு போட்டது, கட்டிகளுக்குத் தோல் வழியே சிகிச்சை, 201 பேர். ஹிப்னாடிசம் இல்லாமல் வெறுமனே அனுதாபமாகப் பேசிக் கவனித்த குழுவில் பாதிப்புகள் அதிகமாகி, ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆறுதல் மட்டும் போதாது, நோயாளி தானே பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேண்டும். ஓயாமல் 'ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல' என்றால் என்னமோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

செய்ய முடிந்தது: மயக்க மருத்துவரை முன்கூட்டியே பார்த்து, ஆத்தா பயப்படுவதைச் சொல்லி, ஊசி போட்டபின் தலைமாட்டில் ஒரே ஆள் மட்டும் பேசட்டும் என்று கேளுங்கள். காது மெஷின் இருக்கிறதா? உள்ளே அனுமதிப்பார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், காது கேட்காவிட்டால் எல்லாமே வீண். இந்தப் பதினைந்து நாளில் தினமும் ராத்திரி பத்து நிமிஷம் வீட்டிலேயே பழக்குங்கள், அவர்கள் விரும்பி நினைக்கிற ஒரே இடம், ஒரே வழி. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், ஞாபகம் தடுமாறுகிறவர்கள் என்றால் வீட்டில் முயல வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும். அப்புறம், டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சுவரொட்டியில் நம்பர் போட்டிருக்கிற ஹிப்னாடிச ஆசாமி யாரையும் கூப்பிடாதீர்கள்.

சந்தேகச் சாமி

கடைசி வரிக்காக டாக்டருக்கு ஒரு கும்பிடு.

கண்டனூர்க்காரி

இருபத்துமூன்று நாள் கழித்து வருகிறேன். ஆபரேஷன் முடிந்தது, வீட்டுக்கு வந்தாச்சு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடம் வேண்டும் என்று கேட்டதும் ஆத்தா யோசிக்கவே இல்லை. கானாடுகாத்தானில் அவர்கள் பிறந்த வீடு, வளவு, ஐப்பசி மழை. நாலு பக்கத்து ஓட்டுத் தாழ்வாரமும் முற்றத்துக்குள் கொட்டும், நாலு மூலையிலும் அண்டா, கிடாரம் எல்லாம் வைத்து வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டியிருப்பார்கள், தண்ணீர் விழுந்து துணி குழிந்து குழிந்து எழும்பும். ஆத்தாவுக்கு எட்டு வயசு, ஒவ்வொரு அண்டாவாக நிரம்புகிற சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து நிற்பார்கள். முதலில் கணகண, அப்புறம் களகள, நிரம்பினபின் சத்தமே இல்லை. ஒரு அண்டா நிரம்பினால் அடுத்ததுக்குப் போக வேண்டும். அத்தனை நாளும் ராத்திரி இதையே சொன்னேன். நாலாவது அண்டாவுக்கு ஒருநாளும் போனதில்லை, குறட்டை வந்துவிடும்.

மயக்க மருத்துவர் சின்ன வயசுப் பெண், பரமக்குடிப் பக்கம். நான் எழுதிக் கொடுத்த தாளை முதலில் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். சரி, குப்பைக்குத்தான் என்று நினைத்தேன். என்னை உள்ளே விடவில்லை. ஆனால் ஆத்தாவே சொன்னதைக் கேளுங்கள்: முதுகில் மருந்து தடவுகையில் ஜில்லென்றதும் அந்தப் பெண், "மழைச் சாரல் அடிக்குது ஆத்தா, தூணுக்கு இந்தப் பக்கம் வாங்க" என்றாராம். அறை குளிர்ந்ததும் மழைதான். அப்புறம் சுத்தியல். மூட்டு மாற்றுகையில் சுத்தியலால் அடிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நானே மயங்கியிருப்பேன். ஆத்தாவுக்கு உடம்பே அதிர்ந்ததாம், கண்ணைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பெண் குனிந்து, "ரெண்டாங்கட்டுல என்ன சத்தம் ஆத்தா?" என்று கேட்டிருக்கிறார். இவர்களே, "மா இடிக்கிறாக, அதிரசத்துக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மழைக்குப் போய்விட்டார்களாம்.

ரம்பச் சத்தம் மட்டும் எதிலும் சேரவில்லையாம். "அது மெஷினுதான், எனக்குத் தெரியாதா" என்கிறார்கள்.

ஊசிமருந்து

அந்தக் கேள்வி அருமை. 'அது மா இடிக்கிற சத்தம்' என்று தானே சொல்லாமல் என்ன சத்தம் என்று கேட்டார் பாருங்கள். வெளியிலிருந்து கொடுத்தால் நம்புவதா வேண்டாமா என்று மனசு யோசிக்கும், தானே கண்டுபிடித்ததை யார் சந்தேகப்படுவார்கள். அந்தப் பெண்ணிடம் நான் பாடம் கேட்க வேண்டும்.

சந்தேகச் சாமி

சந்தோஷம் ஆச்சி, நிஜமாகவே. ஆனாலும் கேட்கிறேன், தூக்க மருந்து எவ்வளவு கொடுத்தார்கள்? அதுதான் வேலை செய்ததோ என்னமோ.

கண்டனூர்க்காரி

கேட்டேன். ஆரம்பத்தில் கொஞ்சம் கொடுத்தார்களாம், அப்புறம் தேவைப்படவில்லை என்றார்கள். அதனால் ஆனதா, மழையால் ஆனதா, முதுகு ஊசியே நன்றாகப் பிடித்ததா, நான் எதையும் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மறுநாள் முட்டியை மடக்கச் சொல்லிப் பிசியோ வந்தாரே, அங்கே அண்டாவும் வரவில்லை கிடாரமும் வரவில்லை. மழை பெய்யுது ஆத்தா என்று நான் ஆரம்பித்ததும், "போடி, உன் மழையைக் கொண்டுபோய் உடைப்பில் போடு" என்று கத்திவிட்டு, அந்தப் பையனின் மூன்று தலைமுறையை இழுத்தார்கள்.

ஊசிமருந்து

பிசியோ வருகிறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மாத்திரையைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், வந்தபின் கொடுத்தால் பலனில்லை. மடக்கி முடித்ததும் ஐஸ் ஒத்தடம். மழையை ராத்திரித் தூக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் அப்பத்தா

மூன்று தலைமுறையை இழுக்கத் தெம்பு இருக்கிறதா, அப்போ நல்லாத்தான் இருக்கிறாள். அந்தப் பிசியோ பையனுக்கு இரண்டு அதிரசம் கொடுத்துவிடுங்கள்.